ஹைபர்னேஷனுக்குப் பின் மந்தமாகும் மடிக்கணினி: ஒரு நிகழ்வு ஆய்வு

குறையும் இயந்திரமும்

தணிக்கை அலுவலகம் ஒன்றில் கணக்கராகப் பணிபுரியும் ஒருவரின் மடிக்கணினி, ஹைபர்னேஷனிலிருந்து, அதாவது திறந்திருக்கும் வேலைகளை வட்டில் சேமித்துவிட்டு மின்சாரத்தை நிறுத்தும் நிலையிலிருந்து, விழிக்கும் காலை வேளைகளில் வேலை செய்யவே முடியாத அளவுக்கு மந்தமாகிவிடுகிறது என்ற குறையுடன் ஆய்வுக்கு வந்தது. எக்செல் கோப்பில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்வதற்கே காத்திருக்க வேண்டியிருந்தது. தட்டச்சு செய்த எழுத்துகள் சில நொடிகள் கழித்தே திரையில் தோன்றின. மவுஸின் அசைவுகூடத் தடுமாறியது. ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றும், எல்லா நாளும் இப்படி நேர்வதில்லை என்றும் அவர் கூறினார். ஹைபர்னேஷனையே நிறுத்திவிடும்படி அவருக்கு முன்பே ஆலோசனை சொல்லப்பட்டிருந்தது. ஆனால் மாலையில் திறந்திருக்கும் கோப்புகளை அப்படியே விட்டு மூடி, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர்வது அவருடைய பணிமுறைக்கு இன்றியமையாதது. எனவே அந்த வசதியைப் பறிக்காமலேயே காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்று தொடக்கத்தில் முடிவு செய்யப்பட்டது. ஒரு வசதியை நிறுத்தியதும் குறை மறைந்துவிட்டால், அந்த வசதிதான் குற்றவாளி என்று நம்பிவிடுவோம். உண்மையான காரணம் உள்ளேயே இருந்துகொண்டு வேறொரு நாளில் வேறொரு வடிவில் வெளிப்படும்.

இயந்திரத்தில் இன்டெல் கோர் ஐ5-8250யு ப்ராசசர், 8 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் 1 டிபி வன்தட்டு, விண்டோஸ் 10 ஆகியவை இருந்தன. 2017இல் வெளிவந்த இந்த ப்ராசசருக்கு நான்கு கோர்களும் (கணிக்கும் அலகுகள்) எட்டு த்ரெட்களும் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய பணித் தொடர்கள்) உண்டு. அதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், சுமை கூடும்போது 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை உயரக்கூடியது. அலுவலகக் கணக்கு வேலைக்கு இது இன்றும் போதுமானது என்பதால், இயந்திரம் பழையதாகிவிட்டது என்ற எளிய பதிலுக்கு இங்கே இடமில்லை.

எப்போது சரியாகிறது?

இத்தகைய குறையில், எப்போது மந்தமாகிறது என்பதைவிட எப்போது சரியாகிறது என்று கேட்பதே அதிகப் பயன் தரும். விழித்த சில நிமிடங்களில் தானாகவே சரியாகும் மந்தம் ஒரு வகை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ரீஸ்டார்ட் செய்யும்வரை நீங்காத மந்தம் இன்னொரு வகை. முதல் வகைக்குக் காரணம் பெரும்பாலும் வன்தட்டைச் சுற்றியே இருக்கும். இரண்டாவது வகைக்கு ஏதோ ஒன்று தவறான நிலையில் சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கணக்கரிடம் வைத்தபோது, எல்லாக் காலையிலும் சிறிது நேரம் மந்தம் இருப்பதும், சில காலைகளில் மட்டும் அது மதியம்வரை தொடர்வதும் தெரியவந்தது. ஒரே குறையாகச் சொல்லப்பட்டது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இரண்டு குறைகள். அவற்றைப் பிரிக்காமல் ஆராய்ந்திருந்தால், ஒன்றுக்கான தடயம் மற்றொன்றை மறைத்துக்கொண்டே இருந்திருக்கும்.

முதல் மந்தம்: வன்தட்டு

ஹைபர்னேஷன் என்பது, கணினியின் மின்சார நிலைகளை வரையறுக்கும் ஏசிபிஐ தரநிலையில் எஸ்4 என்று குறிக்கப்படும் நிலை. ரேமில் உள்ள தரவு, சி டிரைவில் மறைந்திருக்கும் ஹைபர்ஃபில்.சிஸ் என்ற கோப்பில் சுருக்கி எழுதப்பட்டு, மின்சாரம் நிறுத்தப்படுகிறது. மீண்டும் எழுப்பும்போது, இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் உள்ளமை நிரலான பயாஸ் தன் வழக்கமான தொடக்கச் சோதனையைச் செய்து முடித்தபின், விண்டோஸின் சிறு நிரல் ஒன்று அந்தக் கோப்பை வாசித்து ரேமைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. விண்டோஸ் 10இல் இந்தக் கோப்புக்கு இயல்பாக ஒதுக்கப்படும் அளவு ரேமின் 40 விழுக்காடு. 8 ஜிபி ரேம் உள்ள இயந்திரத்தில் 3.2 ஜிபி. நொடிக்கு ஏறக்குறைய 100 எம்பி வேகத்தில் தொடர்ச்சியாக வாசிக்கும் வன்தட்டு, இதை அரை நிமிடத்தில் வாசித்து முடித்துவிடும். ஆகவே விழிப்பதில் பெரிய தாமதம் தெரிவதில்லை. கடவுச்சொல் திரை விரைவாகவே வந்துவிடுகிறது.

சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ரேமில் இருந்த எல்லாமே கோப்பில் எழுதப்படுவதில்லை. முன்பு வாசித்த கோப்புகளின் நகலாக, வேண்டும்போது வட்டிலிருந்தே மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் ரேமில் தங்கியிருந்த பகுதி விடப்பட்டுவிடும். விழித்தபின் எக்செல், பிரவுசர், கணக்கு மென்பொருள் ஆகிய ஒவ்வொன்றும் தொட்டவுடன் தனக்குரிய துண்டுகளை வன்தட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து கேட்கத் தொடங்குகிறது. 5400 சுழற்சி வன்தட்டில் ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி ஆகும். சராசரியாக அதில் பாதியும், வாசிப்பு முனை நகரும் நேரமும் சேர்ந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 17, 18 மில்லிநொடி செலவாகிறது. நொடிக்கு ஐம்பது, அறுபது துண்டுகளுக்கு மேல் அதனால் எடுத்துத் தர இயலாது. ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்றால், நொடிக்குக் கால் எம்பிகூடத் தேறாது. தொடர்ச்சியாக வாசிக்கையில் 100 எம்பி தந்த அதே வட்டு, சிதறிக் கிடப்பவற்றைப் பொறுக்கும்போது இப்படிச் சுருங்கிவிடுவதுதான் முதல் சில நிமிட மந்தத்துக்கு முதன்மையான விளக்கம்.

இதே நேரத்தில் வேறு வேலைகளும் வரிசையில் சேர்ந்துகொள்கின்றன. விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு இயல்பாக அதிகாலை 2 மணிக்குக் குறிக்கப்பட்டிருக்கும். அந்நேரம் இயந்திரம் மின்சாரமின்றிக் கிடப்பதால், வைரஸ் சோதனை, புதுப்பிப்புத் தேடல், தேடல் அட்டவணை ஆகியவை பகல் நேரத்துக்குத் தள்ளப்படுகின்றன. விண்டோஸின் கண்காணிப்புக் கருவியான ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பகுதியைத் திறந்து பார்த்தபோது, விழித்த உடனே வட்டு 100 விழுக்காடு பரபரப்பில் இருந்ததும், பத்து நிமிடங்களுக்குள் அது தணிந்துவிட்டதும் தெளிவாகத் தெரிந்தன. வன்தட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் விவரங்களில் பழுதான செக்டர் எதுவும் இல்லை. இந்த மந்தம் இயந்திரத்தின் இயல்பு, பழுதன்று. இதற்கான தீர்வு, சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டிதான் என்று குறித்துக்கொண்டு, இரண்டாவது மந்தத்துக்குச் செல்ல முடிந்தது.

இரண்டாவது மந்தம்: வட்டு ஓய்ந்தபின்னும்

மந்தம் நீடித்த ஒரு காலையில் டாஸ்க் மேனேஜர் காட்டியது முதல் பார்வையில் குழப்பமானது. வட்டு ஓய்ந்திருந்தது; ரேமில் பாதிதான் நிரம்பியிருந்தது; சிபியு பயன்பாடும் கால் பங்கைத் தாண்டவில்லை. எதுவும் நிரம்பாதபோது இயந்திரம் ஏன் திணறுகிறது? பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் விண்டோஸை மறுபடி நிறுவ முடிவு செய்கிறார்கள். ஆனால் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், வரைபடத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வேகம் என்ற எண்ணைப் பார்த்திருந்தால் அந்த உழைப்பு மிச்சமாகியிருக்கும். அங்கே 0.39 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. எந்த மென்பொருளைத் திறந்தாலும், எவ்வளவு சுமை ஏற்றினாலும் அந்த எண் அசையவே இல்லை.

சிபியு பயன்பாடு குறைவாகத் தெரிந்ததற்கும் இதுவே விளக்கம். விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜர் காட்டிவந்த விழுக்காடு, ப்ராசசர் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதை மட்டும் அளப்பதன்று. அடிப்படை வேகத்தில் அது செய்திருக்கக்கூடிய வேலையுடன் ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. அடிப்படை வேகத்தின் கால் பங்கில் சிக்கிய ப்ராசசர் ஒரு கணமும் ஓயாமல் உழைத்தாலும், கணக்கில் கால் பங்கு என்றே வரும். ஓய்வாக இருப்பதுபோல் தெரிந்தது உண்மையில் மூச்சுத் திணறும் நிலை. ரிசோர்ஸ் மானிட்டரின் சிபியு பகுதியில் அதிகபட்ச அலைவெண் என்று தனியாக ஒரு விழுக்காடு காட்டப்படுவதால், அங்கே இது இன்னும் எளிதில் பிடிபடும்.

வேகம் சிக்கிக்கொண்டது என்று தெரிந்தபின், யார் பிடித்து வைத்திருக்கிறார் என்ற கேள்வி எழுகிறது. பவர் பிளானில் ப்ராசசரின் உச்சநிலை 100 விழுக்காடு என்றே இருந்தது. எனவே விண்டோஸின் அமைப்பு காரணமன்று. வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸைக்கூட எட்டவில்லை; இந்த ப்ராசசரின் வெப்ப எல்லை 100 டிகிரி. எனவே சூடும் காரணமன்று. விண்டோஸ் குறித்து வைக்கும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்தபோது, கெர்னல் ப்ராசசர் பவர் என்ற மூலத்திலிருந்து 37 என்ற எண்ணுள்ள எச்சரிக்கை ஒவ்வொரு த்ரெட்டுக்கும் பதிவாகியிருந்தது. ப்ராசசரின் வேகத்தை சிஸ்டம் ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) கட்டுப்படுத்துகிறது என்பதே அதன் செய்தி. கட்டளை விண்டோஸுக்குக் கீழேயிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஹைபர்னேஷன் உண்மையில் குற்றவாளியா?

இதற்கு அடுத்த படி, அந்த 37ஆம் எண் எச்சரிக்கைகளை இயந்திரம் தொடங்கிய விதத்தோடு ஒப்பிடுவது. கெர்னல் பூட் என்ற மூலத்தின் 27ஆம் எண் பதிவு, ஒவ்வொரு முறையும் இயந்திரம் எவ்வாறு தொடங்கியது என்பதைக் குறித்து வைக்கிறது: வகை 0 என்றால் முழுமையான புதுத் தொடக்கம், வகை 1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், வகை 2 என்றால் ஹைபர்னேஷனிலிருந்து விழிப்பு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இங்கே முக்கியமானது. விண்டோஸ் 8இல் வந்த இந்த ஏற்பாட்டில், ஷட்டவுன் செய்யும்போது பயனரின் மென்பொருள்கள் மூடப்பட்டாலும், விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலும் வன்பொருள்களை இயக்கும் டிரைவர்களும் ஹைபர்னேஷன் கோப்பிலேயே சேமிக்கப்படுகின்றன. ரீஸ்டார்ட் செய்தால்தான் அவை புதிதாகத் தொடங்கும். ஒரு டிரைவர் தவறான நிலையில் சிக்கியிருந்தால், ஷட்டவுன் செய்து மறுபடி திறந்தாலும் மந்தம் கூடவே வரும். ரீஸ்டார்ட் மட்டுமே அதைத் தீர்க்கும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்று கணக்கர் சொன்னதால் முதலில் சந்தேகிக்கப்பட்டது இதுதான்.

பதிவுகள் இதற்கு இடம் தரவில்லை. எச்சரிக்கைகளில் பெரும்பகுதி வகை 2 அமர்வுகளில் இருந்தன என்பது உண்மை. ஆனால் சில எச்சரிக்கைகள் வகை 0 அமர்வுகளிலும், அதுவும் இயந்திரம் தொடங்கிப் பல மணி நேரம் கழித்து, பிற்பகலில் பதிவாகியிருந்தன. அன்று ஹைபர்னேஷனும் இல்லை, ஸ்லீப்பும் இல்லை. இந்த ஆய்வின் திருப்புமுனை இந்தச் சில வரிகள்தான். பயனர் கவனித்துச் சொன்ன தொடர்பு பொய்யன்று. ஆனால் அது முழுமையானதன்று. ஹைபர்னேஷனோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் வேறொன்று அந்தப் பிற்பகல்களிலும் நடந்திருக்க வேண்டும்.

அதையும் பதிவே காட்டிக் கொடுத்தது. 37ஆம் எண் எச்சரிக்கைகளின் ஒவ்வொரு தொகுதிக்கும் சற்று முன்னதாக, கெர்னல் பவர் மூலத்திலிருந்து 105ஆம் எண் பதிவு இருந்தது. மின் ஆதாரம் மாறியது என்று சொல்லும் பதிவு அது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் சார்ஜர் செருகப்பட்ட தருணம். கணக்கரின் வழக்கத்தை இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி கேட்டபோது எல்லாம் பொருந்தியது. காலையில் அலுவலகம் வந்ததும் மடிக்கணினியைத் திறந்து பவர் பொத்தானை அழுத்துவார்; அது விழித்துக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து சார்ஜரை எடுத்துச் செருகுவார். பிற்பகல் மந்தம் பதிவான நாள்களிலோ, வாடிக்கையாளர் இடத்தில் பேட்டரியில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து சார்ஜரைச் செருகியிருந்தார்.

பவர்சிஎஃப்ஜி கட்டளை தரும் பேட்டரி அறிக்கையும் இதற்குத் துணை நின்றது. சமீப நாள்களில் இயந்திரம் எப்போது சார்ஜரில் இருந்தது, அப்போது பேட்டரியின் மின்னிருப்பு எவ்வளவு என்பதை அந்த அறிக்கை நேரவாரியாகக் காட்டும். மந்தமான காலைகளில் சார்ஜர் இணைந்திருந்தும் பேட்டரி ஏறவில்லை. ரீஸ்டார்ட் செய்த பிறகே ஏறத் தொடங்கியிருந்தது. மின்சாரம் வருகிறது, ஆனால் இயந்திரம் அதை முழுமையாக நம்பிப் பயன்படுத்த மறுக்கிறது என்பதே இதன் பொருள்.

சார்ஜரை மடிக்கணினி எப்படி அடையாளம் காண்கிறது

இந்த மாதிரியின் சார்ஜர் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், அதாவது 65 வாட் தருவது. அதன் உருளை வடிவச் செருகியின் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று உண்டு. மின்சாரம் செல்லும் இரு கம்பிகளைத் தவிர, மூன்றாவதாக ஒரு நுண்கம்பி இந்த ஊசிக்கு வருகிறது. சார்ஜருக்குள் இருக்கும் சிறு சில்லு, தான் எத்தனை வாட் தரவல்லது என்ற தகவலை இதன் வழியாக மடிக்கணினிக்குத் தெரிவிக்கிறது. அதை வாசிப்பது ப்ராசசர் அன்று. தாய்ப்பலகையில் விசைப்பலகை, பேட்டரி, மின்விசிறி ஆகியவற்றைக் கவனிக்கும் எம்பெடட் கண்ட்ரோலர் என்ற தனிச் சில்லு. விண்டோஸ் ஓடுகிறதா, ஹைபர்னேஷனில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டன்று.

தகவல் கிடைக்காவிட்டால் அந்தக் கண்ட்ரோலர் எச்சரிக்கையான முடிவையே எடுக்கிறது. இணைந்திருப்பது 65 வாட் சார்ஜரா, அதைவிடக் குறைந்ததா என்று தெரியாத நிலையில், முழு வேகத்தில் ஓடும் ப்ராசசருக்கும் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரிக்கும் சேர்த்து மின்சாரம் இழுத்தால் சார்ஜர் அளவுக்கு மீறிச் சூடாகலாம். ஆகவே பேட்டரி ஏற்றுவதை நிறுத்துகிறது. ப்ராசசரையும் தன் மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்குகிறது. இதற்குப் பயன்படுவது ப்ராக்ஹாட் என்ற சமிக்ஞைக் கம்பி. ப்ராசசர் தன் வெப்ப எல்லையை அடைந்ததை வெளியே அறிவிப்பதற்காக அமைந்த இந்தக் கம்பி, பின்னர் இருவழியாக்கப்பட்டது. அதாவது வெளியிலிருக்கும் ஒரு சில்லும் அதை இழுத்து, ப்ராசசரை வேகம் குறைக்கச் செய்யலாம். ஏறக்குறைய 400 மெகாஹெர்ட்ஸ், அதாவது 0.39 கிகாஹெர்ட்ஸ் என்ற அந்த அசையாத எண் இங்கிருந்தே வந்தது.

இதை உறுதிப்படுத்தும் சோதனைகள் எளிமையானவை. மந்தமான நிலையில் சார்ஜரைக் கழற்றியவுடன், சில நொடிகளில் வேகம் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் எழுந்தது. பேட்டரியில் மட்டும் வைத்து ஹைபர்னேஷனிலிருந்து எழுப்பியபோது ஒருபோதும் மந்தம் வரவில்லை. ஹைபர்னேஷனே இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் சார்ஜரைச் செருகிக் கம்பியைச் சற்று வளைத்தபோது மந்தம் வந்தது. ப்ராசசரின் வேகக் குறைப்பைக் கண்காணிக்கும் த்ராட்டில்ஸ்டாப் என்ற கருவியின் காரணங்கள் பட்டியலில், வெளியிலிருந்து இழுக்கப்படும் ப்ராக்ஹாட்டைக் குறிக்கும் பிடி ப்ராக்ஹாட் (BD PROCHOT) என்ற கட்டம் அந்நேரம் சிவப்பாக எரிந்தது.

விண்டோஸை முழுவதுமாகச் சந்தேகத்திலிருந்து நீக்குவதற்காக, யுஎஸ்பியிலிருந்து லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவைத் தொடங்கியும் இதே சோதனை செய்யப்பட்டது. அங்கும் சார்ஜர் கம்பி வளைந்ததும் எல்லாக் கோர்களும் 400 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கின. இந்தச் சோதனையைச் செய்ய விரும்புவோர் ஒன்றை மறக்கக் கூடாது: விண்டோஸ் ஹைபர்னேஷனில் இருக்கும்போது வேறொரு இயங்குதளத்திலிருந்து அதன் டிரைவைத் திறந்து எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் தன் நினைவில் உள்ள பழைய கோப்பமைப்பை நம்பி மேலெழுதித் தரவைச் சிதைத்துவிடக்கூடும். முதலில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் செய்து, முழுமையாக நிறுத்திய பின்னரே யுஎஸ்பியிலிருந்து தொடங்க வேண்டும்.

ரீஸ்டார்ட் ஏன் சரிசெய்தது என்பதற்கும் இப்போது பதில் கிடைக்கிறது. சார்ஜரைச் செருகும் கணத்தில் கம்பி அசைவிலும் வளைவிலும் இருக்கிறது. அப்போது அடையாளம் வாசிக்கத் தவறினால், கண்ட்ரோலர் அந்த முடிவிலேயே நின்றுவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்யும்போது பயாஸின் தொடக்கச் சோதனையில் சார்ஜர் மறுபடி விசாரிக்கப்படுகிறது. அதற்குள் கம்பி மேசைமேல் அசையாமல் கிடப்பதால் வாசிப்பு வெற்றி பெறுகிறது. ஹைபர்னேஷனிலிருந்து விழிக்கும்போதும் பயாஸ் சோதனை நடந்தது. ஆனால் அந்நேரம் சார்ஜர் இன்னும் பையில் இருந்தது.

எளிய வழியும் சரியான வழியும்

இந்த நிலையில் ஒரு குறுக்குவழி கண்முன் இருக்கிறது. த்ராட்டில்ஸ்டாப்பில் பிடி ப்ராக்ஹாட் என்ற பெட்டியின் குறியை எடுத்துவிட்டால், ப்ராசசர் வெளிச் சமிக்ஞையைப் பொருட்படுத்தாது. வேகம் உடனே திரும்பிவிடும். ப்ராசசருக்குள் இருக்கும் ஹெக்ஸ் 1எஃப்சி என்ற பதிவகத்தின் (அமைப்பு மதிப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடம்) முதல் பிட்டைத்தான் அந்தக் குறி மாற்றுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் பழைய மதிப்பே வந்துவிடும் என்பதால், விண்டோஸ் தொடங்கும்போதெல்லாம் தானாக இயங்கும்படி இதை அமைத்துக்கொள்வோரும் உண்டு. காரணத்தை உறுதி செய்ய ஒருமுறை இதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. நிரந்தரத் தீர்வாக இதை வைத்துக்கொள்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கம்பியை இழுப்பது சார்ஜர் பிரச்சினை மட்டுமன்று. ப்ராசசருக்கு மின்சாரம் தரும் சுற்று அளவுக்கு மீறிச் சூடானாலும் இதே கம்பிதான் இழுக்கப்படுகிறது. காதை அடைத்துக்கொண்ட ப்ராசசர் அந்த எச்சரிக்கையையும் கேட்காது. அதோடு பேட்டரி ஏறாத குறை அப்படியே நிற்கும்.

சார்ஜரை மல்டிமீட்டரில் அளந்தபோது சரியாக 19.5 வோல்ட் காட்டியது. சார்ஜர் நல்ல நிலையில் இருக்கிறது என்று முன்பு ஒரு பழுது பார்க்கும் கடையில் அவருக்குச் சொல்லப்பட்டிருந்ததற்கும் இந்த அளவீடே காரணம். மின்சாரக் கம்பிகள் இரண்டும் நன்றாகவே இருந்தன. செருகிக்கு அருகில், கம்பி திரும்பத் திரும்ப மடியும் இடத்தில் அடையாளக் கம்பி மட்டும் அறுந்து, வளைவைப் பொறுத்து ஒட்டியும் விலகியும் கொண்டிருந்தது. வோல்ட் அளவு இந்தப் பழுதை ஒருபோதும் காட்டாது. பயாஸின் பேட்டரி விவரப் பக்கத்தில் சார்ஜரின் வகை என்ற வரியைப் பார்ப்பதே நம்பகமான வழி. சரியான நிலையில் அது 65 வாட் என்று காட்டியது. கம்பியை வளைத்தபோது அறியப்படாதது என்று மாறியது.

மந்தம் இத்தனை நாள் மறைந்திருந்ததற்கு மற்றொரு காரணமும் பயாஸிலேயே கிடைத்தது. சார்ஜரை அடையாளம் காண முடியாதபோது தொடக்கத்தில் எச்சரிக்கை காட்டும் அமைப்பு அணைக்கப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கை விசை அழுத்தும்வரை திரையில் நிற்கும் என்பதால், அதைத் தொந்தரவாகக் கருதி அணைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. செய்தி காட்டும் அமைப்பு மட்டுமே அணைகிறது. வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு தொடர்ந்து வேலை செய்கிறது. பயனருக்கு மிஞ்சுவது காரணம் தெரியாத மந்தம் மட்டுமே. இந்த அமைப்பு மீண்டும் இயக்கப்பட்டது.

பழுதுநீக்கமும் சோதிப்பும்

அதே உற்பத்தியாளரின் 65 வாட் சார்ஜர் ஒன்று புதிதாக வாங்கப்பட்டது. சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பொதுச் சார்ஜர்கள் சிலவற்றில் அடையாளச் சில்லு இருப்பதில்லை, இருந்தாலும் மடிக்கணினி அதை ஏற்பதில்லை. அத்தகைய சார்ஜரை வாங்கியிருந்தால், அவ்வப்போது வந்த மந்தம் எந்நேரமும் இருக்கும் மந்தமாகியிருக்கும். புதிய சார்ஜருடன் கம்பியை எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்த்தபோது வேகம் இறங்கவில்லை. ஆகவே மடிக்கணினியின் பக்கத்தில் இருக்கும் சார்ஜிங் ஜாக் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கு வர முடிந்தது.

முதல் மந்தத்துக்காக வன்தட்டின் இடத்தில் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி பொருத்தப்பட்டது. பழைய வட்டை நகலெடுக்கும் முன், ஹைபர்னேஷன் கோப்பு இல்லாத முழுமையான ஷட்டவுன் நிலையில் இயந்திரம் இருப்பது உறுதி செய்யப்பட்டது. சிதறிய சிறு துண்டுகளை நொடிக்குப் பல்லாயிரக்கணக்கில் எடுத்துத் தரும் எஸ்எஸ்டியில், விழித்தபின் வரும் அந்த முதல் சில நிமிடக் காத்திருப்பு உணர முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. தினமும் ஹைபர்னேட் செய்தால் எஸ்எஸ்டி விரைவில் தேய்ந்துவிடாதா என்று கணக்கர் கேட்டார். நாளொன்றுக்கு 3 ஜிபி எழுதப்படுவதாக வைத்தாலும் ஆண்டுக்கு 1.1 டிபிதான் ஆகும். இந்த அளவுள்ள எஸ்எஸ்டிகளுக்கு உற்பத்தியாளர்கள் உறுதியளிக்கும் எழுதும் அளவு நூற்றுக்கணக்கான டிபியாக இருக்கிறது. அந்த அச்சத்துக்காக அவர் தம் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மட்டும் அணைக்கப்பட்டது. இந்தக் குறைக்கு அது காரணமன்று. ஆனால் ஹைபர்னேஷனை விரும்பிப் பயன்படுத்துபவர் ஷட்டவுன் செய்யும்போது, உண்மையாகவே புதிய தொடக்கத்தைத்தான் எதிர்பார்க்கிறார். எஸ்எஸ்டி உள்ள இயந்திரத்தில் அதனால் மிச்சமாகும் சில நொடிகளும் பெரிதல்ல. ஹைபர்னேஷன் முன்போலவே இயங்குகிறது, அதன் கோப்பின் அளவும் மாற்றப்படவில்லை.

சரிசெய்தபின் சில வாரங்கள் கழித்து ஈவென்ட் வியூவர் மறுபடி பார்க்கப்பட்டது. காலை விழிப்புகளைக் குறிக்கும் வகை 2 பதிவுகளும், சார்ஜர் செருகப்பட்டதைக் குறிக்கும் 105ஆம் எண் பதிவுகளும் வழக்கம்போல் இருந்தன; 37ஆம் எண் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. பேட்டரி அறிக்கையிலும், சார்ஜர் இணைந்த ஒவ்வொரு முறையும் மின்னிருப்பு ஏறியிருந்தது. அந்த எச்சரிக்கை எப்போதாவது மீண்டும் பதிவானால், பயாஸில் சார்ஜரின் வகையை முதலில் பார்க்கும்படியும், அது 65 வாட் என்று நிலையாகக் காட்டாவிட்டால் ஜாக்கையும் அதிலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்லும் சிறு கம்பியையும் மாற்றக் கேட்கும்படியும் கணக்கருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது.